‘வேற ஆள் இல்லையா?’ – கல்லாப்பெட்டிக்கு முன்னால் நிற்கும் சாதி

கடை ஊழியர்களை வாடிக்கையாளர்கள் படுத்தும் பாடு என்று பேச்செடுத்தால் நம்மூரில் அது சிரிப்புக் கதையாகத்தான் முடியும். ஐம்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு "சும்மா பாக்கலாம்னுதான் வந்தோம்" என்று எழுந்து போகிற குடும்பம், மூன்று மாதம் உடுத்திய சட்டையை மாற்றித் தரச் சொல்கிறவர், ஐந்து ரூபாய் சில்லறைக்கு அரைமணி நேரம் சண்டை போடுகிறவர். மீம் போடுவார்கள், ரீல்ஸ் எடுப்பார்கள், எல்லோரும் சிரிப்போம். சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் நிற்பவரும் அந்தப் பக்கம் நிற்பவரும் சமமான இரண்டு மனிதர்கள், அதில் ஒருவருக்குக் குணம் கொஞ்சம் சரியில்லை, அவ்வளவுதான் என்கிற அனுமானம். சாதியச் சமூகத்தில் இதைவிடப் பெரிய பொய் எது?

பெரும்பாறையை எடுத்துக்கொள்வோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: திண்டுக்கல் மாவட்டம், கீழ்ப்பழனி மலையில், சமவெளியிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறுகிற சாலையில் இருக்கிற ஊர். காபி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு விளைகிற தோட்டப் பகுதி. பக்கத்தில் புல்லாவெளி அருவி. கொடைக்கானல் கூட்டத்துக்கு ஒதுங்குகிற சுற்றுலாக்காரர்கள் வார இறுதியில் இந்தப் பக்கமும் வருகிறார்கள். இந்த மலைக் கடைகளுக்கு மூன்று வகை வாடிக்கையாளர்கள். தோட்டம் வைத்திருக்கிற ஆதிக்க சாதிக் குடும்பங்கள் ஒரு வகை. தோட்டக் கூலிகளான தலித்துகளும் பளியர் பழங்குடிகளும் இன்னொரு வகை. காரில் வந்து இறங்கும் நகரவாசிகள் மூன்றாம் வகை. மூன்று வகைக்கும் அதே பையன்தான் பொட்டலம் மடிக்கிறான். மூன்று வகையிடமும் அவனுக்குக் கிடைப்பது அதே மரியாதை இல்லை.

நான் வேலை செய்கிற மலைக்கிராமங்களில் கடைகளில் நிற்கிற இளைஞர்களிடம் பேசியதிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். பிஸ்கெட் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், ரீசார்ஜ் – இதெல்லாம் யார் கையால் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் வெல்லம், கருவாடு, ஊறுகாய், தேன் என்று கையால் அள்ளிப் போட வேண்டிய சரக்கு வந்தால் அப்போது ஒரு கேள்வி வரும்: "வேற ஆள் இல்லையா?" டீ ஆற்ற வேண்டுமென்றாலும் அதே கேள்விதான். யாரும் சாதிப் பெயர் சொல்வதில்லை. குரல் உயர்வதுகூட இல்லை. சிரித்துக்கொண்டேகூடக் கேட்பார்கள். முதலாளி ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து தானே அள்ளிப் போடுவார். பையன் குடோனுக்குள் மூட்டை அடுக்கப் போய்விடுவான். மூன்று பேருக்கும் என்ன நடந்தது என்று தெரியும். மூன்று பேரும் ஒன்றும் நடக்காததுபோல் நடந்துகொள்வார்கள்.

பாக்கெட்டுக்குத் தீட்டு இல்லை, கைக்குத்தான் தீட்டு! ரெட்டை டம்ளர் ஒழிந்துவிட்டது, பார், எல்லாக் கடையிலும் பேப்பர் கப் வந்துவிட்டது என்று பெருமை பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும். டம்ளரைக் கழுவ வேண்டிய அவசியத்தைப் பேப்பர் கப் ஒழித்தது. டம்ளரைத் தொட மறுத்த மனத்தை அது ஒழித்ததா? பிளாஸ்டிக் உறைக்குள் வருவதை வாங்கிக்கொள்கிற கை, உறை இல்லாமல் வருவதற்கு முன்னால் நின்று யோசிக்கிறதே, அந்த யோசனைக்குப் பெயர் என்ன? சுகாதாரமா?

அடுத்து, கேள்விகள். "எந்த ஊருப்பா?" என்று தொடங்கும். ஊர் பெயர் சொன்னால் "அங்க எந்தத் தெரு?" என்று வரும். அதற்கும் மழுப்பினால் "யார் மகன் நீ?" என்று முடியும். சமூகவியல் வகுப்பில் உட்கார்ந்து சாதியைக் கண்டுபிடிக்கும் ஆய்வு முறை பற்றி நாம் படிக்கிறோம். இங்கே கால் கிலோ பருப்பு வாங்க வந்தவர் மூன்றே கேள்வியில் கள ஆய்வை முடித்துவிடுகிறார். முடிந்ததும் ‘தம்பி’ என்பது ‘டேய்’ ஆகிறது. கையில் கொடுத்த காசு மேசையில் விழுகிறது. மீதிச் சில்லறையை மேசையிலேயே வைக்கச் சொல்கிற விரல் நீள்கிறது.

இதை ‘மோசமான வாடிக்கையாளர்’ என்ற பெட்டிக்குள் போட முடியாது. அவர் மோசமானவர் இல்லையே. கடன் பாக்கி வைப்பதில்லை, பேரம் பேசுவதில்லை, மாதம் தவறாமல் வருகிறார். கடைக்காரருக்கு அவர்தான் நல்ல வாடிக்கையாளர். அங்கேதான் சிக்கலே இருக்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்டு 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ‘உணர்ச்சி உழைப்பு’ என்ற கருத்தை எழுதினார். கை, கால் உழைப்பைப் போலவே முகத்தின் சிரிப்பும் முதலாளிக்கு விற்கப்படுகிறது, உள்ளே என்ன கொதித்தாலும் வெளியே புன்னகை காட்டுவதும் சம்பளத்துக்குச் செய்கிற வேலைதான் என்றார். சரியான கருத்து. நம் நிலத்தில் அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இங்கே தலித் மக்களிடம் அந்த உழைப்பு சம்பளமே இல்லாமல் பல நூற்றாண்டுகளாக உறிஞ்சப்பட்டது. துண்டை இடுப்பில் கட்டு, செருப்பைக் கையில் எடு, குனிந்து பேசு, ‘சாமி’ போடு. இவையெல்லாம் என்ன? கடை வந்தது, சீருடை வந்தது, சம்பளம் என்று ஒன்று வந்தது. குனியச் சொல்கிற எதிர்பார்ப்பு மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. மேலே போகப் போக மரியாதையும் கீழே வர வர இகழ்ச்சியும் கூடுகிற படிக்கட்டுதான் சாதி என்று அம்பேத்கர் விளக்கினார். அந்தப் படிக்கட்டின் ஒரு படி இப்போது கல்லாப்பெட்டி வடிவில் இருக்கிறது.

இதற்குச் சித்தாந்தம் வேண்டாமா? இருக்கிறது. வங்கியிலும் தபால் நிலையத்திலும் மளிகைக் கடையிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், காந்தி படத்தோடு. வாடிக்கையாளர்தான் நம் இடத்துக்கு வரும் மிக முக்கியமான விருந்தினர், அவர் நம்மை நம்பி இல்லை, நாம்தான் அவரை நம்பி இருக்கிறோம், அவருக்குச் சேவை செய்து நாம் உபகாரம் செய்யவில்லை, அந்த வாய்ப்பைக் கொடுத்து அவர்தான் நமக்கு உபகாரம் செய்கிறார் என்கிற கருத்தில் போகும் அந்த வாசகம். 1890இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி பேசியது என்று சில பலகைகளில் தேதியும் போட்டிருக்கும். 1890இல் காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவுக்குப் போனது 1893இல். போகாத நாட்டில் பேசாத பேச்சு! யார் எழுதியதோ, நாடு முழுக்கத் தொங்குகிறது.

பொய் என்பதற்காக மட்டும் இதை நான் சொல்லவில்லை. அந்த வாசகம் கடை ஊழியருக்குச் சொல்வது என்ன? நீ வேலை செய்து சம்பளம் வாங்கவில்லை, எதிரில் நிற்பவர் உனக்குப் பிச்சை போடுகிறார் என்கிறது. நிலத்தில் கூலி வேலை செய்த நம் பாட்டன்மாரிடம் பண்ணையார் சொன்னதும் இதேதான்: "உனக்கு வேலை கொடுக்கிறேனே, அதுவே பெரிசு." உழைப்பை உபகாரமாகத் திருப்பிக் காட்டுகிற வித்தை பண்ணையிலிருந்து கடைக்கு இடம் மாறியிருக்கிறது.

மலையில் இது வெறும் உவமையாகக்கூட இல்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெண்ணின் அம்மா, அந்தப் பக்கம் நிற்பவரின் தோட்டத்தில்தான் மிளகு பறிக்கிறார், காபிப் பழம் எடுக்கிறார். அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அவரிடம்தான் நிற்கிறது. அந்தப் பெண் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் கடை வேலை போவது முதல் தண்டனை. அடுத்த நாள் காலை அம்மாவிடம் "நாளைக்கு வர வேணாம்" என்று சொல்வது இரண்டாம் தண்டனை. நகரத்து ஷோரூமில் சண்டை போடும் வாடிக்கையாளர் கதவைத் தாண்டியதும் காணாமல் போய்விடுவார். இங்கே வாடிக்கையாளர் கதவைத் தாண்டிப் போய் முதலாளியாக நிற்பார். "நீ ஏம்மா சும்மா இருந்தே?" என்று கேட்கிற சென்னைத் தோழர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

‘வேற ஆள் இல்லையா’ என்ற கேள்வி எவ்வளவு பழசு தெரியுமா? 1917இல் லண்டனிலிருந்து திரும்பிய அம்பேத்கர், பரோடாவில் தங்க இடம் கொடுக்காமல் விரட்டப்பட்டு பம்பாய்க்கு வந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். பிழைப்புக்காக முதலீட்டு ஆலோசனை சொல்லும் ஒரு தொழிலைத் தொடங்கினார். ஆலோசனை கேட்டு வந்தவர்கள், சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். தொழிலை மூட வேண்டியதாயிற்று. அந்த வாடிக்கையாளர்கள் யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். இந்தியாவின் மிகச் சிறந்த பொருளாதார அறிஞர்களில் ஒருவரின் கடையை மூடுவதற்கு அது போதுமானதாக இருந்தது. தகுதி, திறமை, சந்தை என்று நமக்குப் பாடம் எடுக்கிறவர்கள் இந்த ஒரு கதைக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

நூறு வருடம் கழித்து, 2018 ஜூலை. திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளி. சத்துணவு சமைக்க அருந்ததியர் பெண் ஒருவர் வருகிறார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சாதி இந்துப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அரசு அதிகாரி என்ன செய்தார்? சமையலரை இடமாற்றம் செய்தார். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வழக்கும் பதிவானது.

இந்த நிகழ்வைக் கடையின் கண்ணால் பாருங்கள். வாடிக்கையாளர் "வேற ஆள் இல்லையா" என்று கேட்டார். நிர்வாகம் எழுந்து வந்து வேறு ஆளைப் போட்டது. பெரும்பாறையின் மளிகைக் கடைக்காரர் செய்வதையே அரசமைப்புச் சட்டத்தின் பேரில் சம்பளம் வாங்குகிற அதிகாரியும் செய்தார். இடையூறு செய்தவரை யாரும் நகர்த்துவதில்லை. இடையூறுக்கு ஆளானவரைத்தான் நகர்த்துகிறார்கள். சாதியக் கடை நிர்வாகத்தின் முதல் விதி இது.

இதனால் இன்னொன்றும் நடக்கிறது. வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்பே முதலாளி முடிவு செய்துவிடுகிறார். யாரை முன்னால் நிறுத்துவது, யாரை குடோனில் வைப்பது, யாரைப் பாத்திரம் கழுவ அனுப்புவது என்பது ஆள் எடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. "பார்க்க லட்சணமா இருக்கணும்", "நம்ம பக்கத்து ஆளா இருந்தா நல்லது" என்ற வார்த்தைகளுக்கு அகராதியில் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். கேட்டால் "எனக்கு ஒண்ணும் இல்லைங்க, கஸ்டமருக்குப் பிடிக்காது" என்பார். ஆதிக்க சாதி முதலாளிக்குத் தன் சாதியை வைத்துக்கொள்ள வாடிக்கையாளரைவிட வசதியான பாத்திரம் வேறு கிடையாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? கடைகளில் நுழையும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் பொருள் விற்க மறுப்பதைக் குற்றமாக்கியது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்கள் தெருவுக்குக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிய கடைக்காரரின் வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். கைது நடந்தது, கடைக்கு சீல் வைத்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையத் தடையும் வந்தது. போராடிப் பெற்ற சட்டங்கள் அசைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

பாஞ்சாகுளத்தில் தலித் குழந்தைகள் வாடிக்கையாளராக நின்றார்கள். அந்தக் காட்சி நம் மனத்தில் பதிந்திருக்கிறது, பதிய வேண்டியதும்தான். ஆனால் தலித் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும்போது நடப்பதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. சட்டம் இங்கே மௌனமாக இல்லை. நாம்தான் அதை எடுத்துப் பயன்படுத்தவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவு, பொதுப் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைத் தண்டிக்கிறது. 3(1)(ஆர்) பிரிவு, இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொதுப் பார்வையில் அவமானப்படுத்துவதையும் மிரட்டுவதையும் தண்டிக்கிறது. சாதிப் பெயரை உச்சரிக்காத புத்திசாலிகள் இந்த இரண்டாவது பிரிவை மறந்துவிடுகிறார்கள். வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாத இடத்தில் நடப்பது பொதுப் பார்வை ஆகாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாலு பேர் நிற்கிற கடை அப்படிப்பட்ட இடம் இல்லை. "எனக்கு அவன் சாதி தெரியாது சார்" என்று தப்பிக்க முடியுமா? பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் அறிந்திருந்தால், சாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்று 2015 திருத்தத்தில் வந்த 8(சி) பிரிவு சொல்கிறது. "யார் மகன் நீ" என்று கேட்டு வைத்தீர்களே அய்யா, அந்தக் கேள்வியே உங்களுக்கு எதிரான சாட்சி!

உட்காரும் உரிமைக்கு வருகிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டினது. அதில் 22-ஏ என்ற பிரிவை 2021இல்தான் சேர்த்தார்கள். கடை ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார முடிய வேண்டும் என்கிறது அது. ஒரு மனிதர் உட்காரலாம் என்று சொல்ல 74 ஆண்டுகள்! இதுவும் சும்மா வந்ததல்ல. கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள், விஜியின் ‘பெண்கூட்டு’ அமைப்போடு சேர்ந்து, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு நாற்காலிக்காகவும் வருடக்கணக்கில் போராடினார்கள். அதன் விளைவாகக் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு அதன் வழியில் வந்தது.

துணிக்கடைகளில் நாற்காலி ஏன் இல்லை என்று கேட்டால் முதலாளிகள் இடப் பற்றாக்குறை என்பார்கள். இடம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு மெத்தை போட்ட சோபாவே இருக்கிறது. ஊழியர் உட்கார்ந்தால் "கஸ்டமருக்கு மரியாதை இல்லாம இருக்கும்" என்பதுதான் உண்மையான பதில். நின்றால் மரியாதை, உட்கார்ந்தால் திமிர் என்ற இலக்கணத்தை நாம் வேறு எங்கே படித்திருக்கிறோம்? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நினைத்துப் பாருங்கள். மற்றவர்களுக்கு நாற்காலி, தலைவருக்குத் தரை. நாற்காலி நம் சமூகத்தில் மரச்சாமான் அல்ல, தகுதிச் சான்றிதழ். எனவே கீழ்மலையிலிருந்தும் தென்மாவட்டச் சேரிகளிலிருந்தும் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் தியாகராய நகருக்கும் துணிக்கடை வேலைக்குப் போகிற நம் பெண்களுக்கு ஒரு ஸ்டூல் கேட்பது கால்வலிக்காக மட்டும் கேட்பதாகாது.

இப்போது கல்லாப்பெட்டி கைப்பேசிக்குள் போய்விட்டது. வாடிக்கையாளர் கையில் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டார்கள். 2022 ஜூனில் லக்னோவில் ஒரு தலித் டெலிவரி ஊழியர், பெயரைக் கேட்டுவிட்டு உணவை வாங்க மறுத்துத் தன் முகத்தில் துப்பி அடித்தார்கள் என்று புகார் கொடுத்தார். வழக்குப் பதிவானது. 2024 மார்ச்சில் சோமாட்டோ நிறுவனம் ‘சுத்த சைவ’ உணவுக்கென்று தனி டெலிவரிப் படை, அதற்குப் பச்சைச் சீருடை என்று அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் மறுநாளே சீருடையை மட்டும் கைவிட்டது. வாடிக்கையாளரின் தீட்டு உணர்ச்சியை மென்பொருளில் ஒரு பொத்தானாக மாற்றிக் கொடுக்க முதலாளித்துவத்துக்கு ஒரு தயக்கமும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? சாதியைச் சந்தை கரைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

2024 செப்டம்பரில் சென்னையில் ஒரு கல்லூரி மாணவர், 19 வயது, பகுதி நேரமாக உணவு டெலிவரி செய்தவர், தாமதமானதற்காக ஒரு வாடிக்கையாளர் திட்டிப் புகார் கொடுத்ததைத் தொடர்ந்து நடந்தவற்றால் உடைந்து தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த மரணத்தைச் சாதிக் கணக்கில் நான் எழுதவில்லை. படித்துக்கொண்டே வேலைக்குப் போகிற ஒரு பிள்ளை, ஒரு புகாருக்கு முன்னால் எவ்வளவு தனியாக நிற்கிறது என்பதற்காக எழுதுகிறேன். அந்தத் தனிமைக்குள் சாதியும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

"எல்லாத்துலயும் சாதியைக் கொண்டு வராதீங்க" என்று ஒரு குரல் வரும். வரட்டும். எல்லா முரட்டு வாடிக்கையாளரும் சாதி வெறியர் என்று நான் சொல்லவில்லை. எடைக் குறைவுக்கும் கலப்படத்துக்கும் சண்டை போடுகிற ஏழை வாடிக்கையாளர் தன் உரிமையைக் கேட்கிறார். அவர் குரல் உயர்வதில் நியாயம் இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசி தரமில்லை என்று கத்துகிற ஆத்தா நம் எதிரி இல்லை. வித்தியாசம் எளிது. ஒருவர் பொருளைப் பற்றிச் சண்டை போடுகிறார், இன்னொருவர் ஆளைப் பற்றிச் சண்டை போடுகிறார். பொருளை மாற்றிக் கொடுத்தால் முதல் சண்டை தீரும். இரண்டாவது, ஆளை மாற்றினால்தான் தீரும். "வேற பொருள் இல்லையா" என்பது வாடிக்கையாளரின் உரிமை. "வேற ஆள் இல்லையா" என்பது தீண்டாமை.

"சகிச்சுக்கிட்டுப் போனாத்தான் பிழைக்க முடியும்" என்பது இரண்டாவது குரல். இது நம் வீட்டுக்குள்ளிருந்தே வரும், அன்போடு வரும். அந்த அம்மாவுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. மலையில் அவர் தனியாக நிற்கும்வரை அவர் கணக்கு சரி. தனியாக நிற்காதபடி செய்வது யார் பொறுப்பு? அது நம் பொறுப்பு.

ஆகவே இளம் தோழர்களுக்குச் சில வேலைகள்.

ஒன்று. உங்கள் ஊர்க் கடைகளில் 22-ஏ நடைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கை இல்லாத கடைகளைப் பற்றித் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள். ஊழியர் பெயரில் எழுதாதீர்கள், அமைப்பின் பெயரில் எழுதுங்கள். வேலை போகிற ஆபத்தை அவர் தலையில் ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

இரண்டு. கடையில் நடக்கிற சாதி இழிவைக் கண்ணால் பார்த்தால், தேதி, நேரம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் என்று அன்றே எழுதி வையுங்கள். வழக்குகள் சாட்சி இல்லாமல்தான் சாகின்றன. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 18-ஏ பிரிவு சொல்கிறது. விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி. வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. பாதிக்கப்பட்டவர் சம்மதித்த பிறகே புகாருக்குப் போங்கள். அவர் பின்வாங்கினால் அவரைக் கோழை என்று சொல்லாதீர்கள்.

மூன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, பணியிடத்தில் தொடர்புக்கு வருகிற வெளியாட்களிடமிருந்தும் ஊழியரைக் காக்கும் கடமையை முதலாளி மேல் வைக்கிறது. 19ஆம் பிரிவைப் படியுங்கள். வாடிக்கையாளரின் கை நீண்டால் முதலாளியும் பதில் சொல்ல வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம்.

நான்கு. இதே கடமையைச் சாதி இழிவுக்கும் நீட்டிக்கக் கோருவோம். உலகம் அந்தத் திசையில்தான் போகிறது. வாடிக்கையாளரின் வசவிலிருந்து ஊழியரைக் காப்பது முதலாளியின் கடமை என்று தென்கொரியா 2018இல் சட்டம் செய்தது. கடை ஊழியரைத் தாக்குவதை, மிரட்டுவதைத் தனிக் குற்றமாக ஸ்காட்லாந்து 2021இல் அறிவித்தது. வாடிக்கையாளர் துன்புறுத்தலைத் தடுக்கும் விதி டோக்கியோவில் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அங்கெல்லாம் சாதி இல்லை, இருந்தும் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. சாதி இருக்கிற இங்கே தேவை இல்லையா? ஆள் மாற்றச் சொல்கிற வாடிக்கையாளரை அனுப்பிவிடுகிற கடமை முதலாளிக்கு உண்டு என்று தமிழ்நாட்டுச் சட்டத்தில் எழுத வேண்டும்.

ஐந்து. இது நமக்கே. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு இறங்கி, டீக்கடைப் பையனை "டேய், ரெண்டு டீ" என்று கூப்பிடுகிற தோழர்கள் நம்மிடையே உண்டு. கொடைக்கானலுக்கும் பெரும்பாறைக்கும் சுற்றுலா வந்து, வாட்டிய சோளம் விற்கிற பெண்ணிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டி, அதை வீடியோவும் எடுக்கிற முற்போக்காளர்களும் உண்டு. பெயரைக் கேட்டால் அது கூப்பிடுவதற்காக இருக்கட்டும், வகைப்படுத்துவதற்காக வேண்டாம். காசைக் கையில் கொடுங்கள். உறையில்லாத பொருளை அந்தக் கையிலிருந்தே வாங்குங்கள். ஒரு கடையில் "வேற ஆள் இல்லையா" என்ற கேள்வி உங்கள் காதில் விழுந்தால், முதலாளி எழுவதற்கு முன் நீங்கள் பேசுங்கள்: "ஏன், இவருக்கு என்ன?"

இந்த ஒரு கேள்வி புரட்சி ஆகிவிடாது. ஆனால் அந்தக் கடையில் இதுவரை மூன்று பேர் காத்துவந்த மௌனம் அதில் உடையும். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை சட்ட மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தபோது, பொது இடத்தில் நடக்கவும் நுழையவும் உரிமை கேட்டார். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. அந்தப் பொது இடத்தில் நின்று வேலை செய்யவும், கால் வலித்தால் உட்காரவும், தராசை நம் கையால் பிடிக்கவும் கேட்பது அதே கோரிக்கையின் அடுத்த வரி.

வேறு ஆள் இல்லை. நாங்கள்தான் இருக்கிறோம். வேண்டுமென்றால் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஜெய்பீம்.